ஒற்றைப் பிக்கப், இரட்டைப் பிக்கப் பேஸ் கிட்டார்கள்

ஒற்றைப் பிக்கப் பேஸ் கிட்டார், இரட்டைப் பிக்கப் பேஸ் கிட்டார் என்பன மின் பேஸ் கிட்டாரின் இரு முதன்மை வகைகள் ஆகும். தந்தியின் அதிர்வை மின் குறிகையாக மாற்றும் காந்த உணரி பிக்கப் எனப்படுகிறது. ஒரு கருவியில் இத்தகைய உணரி ஒன்று உள்ளதா, இரண்டு உள்ளனவா என்பதைக் கொண்டு இவ்வகைப்பாடு செய்யப்படுகிறது. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் ஒற்றைப் பிக்கப் வகைக்கும், அதே நிறுவனம் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாஸ் பேஸ் இரட்டைப் பிக்கப் வகைக்கும் முன்மாதிரிகளாகக் கருதப்படுகின்றன.

இரண்டு பிக்கப் உள்ள கருவி ஒன்று உள்ளதைவிட எப்போதும் சிறந்தது என்ற கருத்து புதிதாகப் பயில்வோரிடையே பரவலாக உள்ளது. ஆனால் ஒலியைத் தீர்மானிப்பதில் பிக்கப்பின் எண்ணிக்கையைவிட அது தந்தியின் கீழ் அமைந்துள்ள இடமும், அதனுள் கம்பிச்சுருள்கள் இணைக்கப்பட்டுள்ள முறையும் கூடுதல் பங்கு வகிக்கின்றன. கருவி வாசிக்கப்படும் இடத்தின் மின்சார அமைப்பும் ஒலிபெருக்கிகளும்கூட இத்தெரிவைப் பாதிக்கின்றன.

பெயர்க் குழப்பம்

"ஒற்றைப் பிக்கப்", "ஒற்றைச் சுருள்" ஆகிய இரு சொற்களும் பெரும்பாலும் ஒன்றாகக் கருதப்படுகின்றன. இவை வெவ்வேறானவை. ஒற்றைப் பிக்கப் என்பது கருவியில் ஒரே ஓர் உணரி உள்ளதைக் குறிக்கும். ஒற்றைச் சுருள் என்பது ஓர் உணரிக்குள் ஒரே ஒரு கம்பிச்சுருள் உள்ளதைக் குறிக்கும். 1957ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பிரிசிஷன் பேஸில் ஒரே பிக்கப் இருப்பினும் அதனுள் இரு சுருள்கள் உள்ளன. ஜாஸ் பேஸில் இரு பிக்கப்புகள் இருப்பினும் அவை ஒவ்வொன்றும் ஒற்றைச் சுருள் கொண்டவை. மின்சார ரீங்காரத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

வரலாறு

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930களில் உருவாக்கிய ஆடியோவாக்ஸ் 736 என்னும் கருவி, கிட்டாரைப் போல் கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்க தொடக்ககால மின் பேஸ்களுள் ஒன்றாகும். அது ஒற்றைப் பிக்கப் கொண்டது. ஆயினும் அக்கருவி பரவலான புழக்கத்துக்கு வரவில்லை.

லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் பெருமளவில் விற்பனையான முதல் மின் பேஸ் கிட்டார் ஆகும். அதில் ஒற்றைச் சுருள் கொண்ட ஒரே பிக்கப் இருந்தது. 1957இல் அது இரண்டாகப் பிளந்த பிக்கப்பாக மாற்றப்பட்டது. ஒரு பாதி ஈ, ஏ ஆகிய தடித்த தந்திகளின் கீழும், மறு பாதி டி, ஜி ஆகிய மெல்லிய தந்திகளின் கீழும் அமைந்தன. இவ்வடிவமே இன்றும் பிரிசிஷன் வகைப் பிக்கப்பாக அறியப்படுகிறது.

1960இல் வெளிவந்த ஜாஸ் பேஸில் கழுத்துப் பக்கம் ஒன்றும், பிரிட்ஜ் எனப்படும் குதிரையின் பக்கம் ஒன்றுமாக இரு பிக்கப்புகள் பொருத்தப்பட்டன. அதே காலகட்டத்தில் பிற நிறுவனங்களும் ஒன்றிலிருந்து இரண்டுக்கு நகர்ந்தன. கிப்சன் நிறுவனத்தின் ஒற்றைப் பிக்கப் கொண்ட ஈபி-0 1959இலும், இரட்டைப் பிக்கப் கொண்ட ஈபி-3 1961இலும் வெளிவந்தன. ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 4000 மாதிரி 1957இலும், இரட்டைப் பிக்கப் கொண்ட 4001 மாதிரி 1961இலும் வெளிவந்தன.

எனினும் ஒற்றைப் பிக்கப் வழக்கொழியவில்லை. லியோ ஃபெண்டர் பங்கேற்ற மியூசிக் மேன் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஸ்டிங்ரே பேஸ், இரட்டைச் சுருள் கொண்ட ஒரே பிக்கப்பையும் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியையும் கொண்டிருந்தது. மோடவுன் நிறுவன ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைப் பிக்கப் கொண்ட பிரிசிஷன் பேஸையே தம் முதன்மைக் கருவியாகக் கொண்டிருந்தார். ஜாக்கோ பஸ்டோரியஸ் ஃபிரெட்டுகள் நீக்கப்பட்ட ஜாஸ் பேஸில், இரு பிக்கப்புகள் இருந்தும், குதிரைப் பக்கப் பிக்கப்பையே பெரிதும் பயன்படுத்தினார்.

செயற்படும் முறை

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட அமைப்பாகும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறுபடுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி, இம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. பிக்கப் தனக்கு நேர் மேலே உள்ள தந்திப் பகுதியின் அசைவை மட்டுமே உணர்கிறது.

ஒரு தந்தி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் 2, 3, 4 மடங்குகளான சீரிசைகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஒவ்வொரு சீரிசைக்கும் தந்தியில் அசையாத புள்ளிகளும் மிகுதியாக அசையும் புள்ளிகளும் உண்டு. ஆகவே பிக்கப் எங்கு வைக்கப்படுகிறதோ அதற்கேற்ப அது உணரும் சீரிசைகளின் அளவு மாறுகிறது.

வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86.4 செ.மீ. ஆகும். குதிரையிலிருந்து ஆறில் ஒரு பங்கு தொலைவில் (14.4 செ.மீ.) ஒரு பிக்கப்பும், பதினான்கில் ஒரு பங்கு தொலைவில் (6.2 செ.மீ.) மற்றொரு பிக்கப்பும் உள்ளதாகக் கொள்வோம். இவை ஜாஸ் பேஸின் இரு பிக்கப் இடங்களுக்கு அண்மையானவை. சீரிசை ஒவ்வொன்றின் உச்ச அசைவை 1 எனக் கொண்டால், அழுத்தப்படாத தந்தியில் இரு பிக்கப்புகளும் உணரும் அளவுகள் பின்வருமாறு அமையும்:

* அடிப்படை: கழுத்துப் பக்கம் 0.50, குதிரைப் பக்கம் 0.22
* 2ஆம் சீரிசை: கழுத்துப் பக்கம் 0.87, குதிரைப் பக்கம் 0.43
* 6ஆம் சீரிசை: கழுத்துப் பக்கம் 0, குதிரைப் பக்கம் 0.97

கழுத்துப் பக்கப் பிக்கப் கனமான ஒலியையும், குதிரைப் பக்கப் பிக்கப் கனம் குறைந்த, கூர்மையான ஒலியையும் தருவதற்கு இதுவே காரணம். பிரிசிஷன் பேஸின் பிளந்த பிக்கப் ஏறத்தாழ முதலாவது இடத்தில் அமைந்துள்ளது.

இரு பிக்கப்புகள் சேர்ந்து இயங்கும்போது

இரு பிக்கப்புகளையும் ஒரே அளவில் திறந்தால் அவற்றின் குறிகைகள் ஒன்று சேர்கின்றன. ஆனால் எல்லாச் சீரிசைகளும் வலுப்பெறுவதில்லை. சில சீரிசைகளில் தந்தியின் ஓரிடம் மேலெழும்போது மற்றோர் இடம் கீழிறங்குகிறது. அப்போது இரு குறிகைகளும் ஒன்றையொன்று நீக்குகின்றன.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 8ஆம் சீரிசையைக் கழுத்துப் பக்கப் பிக்கப் -0.87 எனவும், குதிரைப் பக்கப் பிக்கப் +0.97 எனவும் உணர்கின்றன. இரண்டும் சேரும்போது அச்சீரிசை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 9ஆம் சீரிசைக்கும் இதே நிலை ஏற்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இவ்விழப்பு ஈ தந்தியில் ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸ், ஏ தந்தியில் 460 ஹெர்ட்ஸ், டி தந்தியில் 620 ஹெர்ட்ஸ், ஜி தந்தியில் 820 ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களை ஒட்டி நிகழ்கிறது. தந்தியை எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும் அதே தந்தியில் இப்பகுதி பெரிதும் மாறுவதில்லை.

இதனால் இரு பிக்கப்புகளும் முழுமையாகத் திறந்த ஜாஸ் பேஸின் ஒலி, அடியும் மேலும் நிறைந்து நடுப்பகுதி குழிந்ததாக இருக்கும். கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறைக்கு இது பொருத்தமானது. பல கருவிகள் ஒலிக்கும் குழுவில் பேஸ் தனித்துக் கேட்க வேண்டுமெனில் இழக்கப்பட்ட அந்நடுப்பகுதியே தேவைப்படுகிறது. ஒரு பிக்கப்பின் வால்யூம் குமிழைச் சிறிது குறைத்தால் நடுப்பகுதி ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

மின்சார ரீங்காரம்

ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, சுற்றியுள்ள மின்மாற்றிகள், மின்கம்பிகள் ஆகியவற்றின் மாறும் காந்தப்புலத்தையும் உணர்கிறது. இது ஒலிபெருக்கியில் தொடர்ச்சியான ரீங்காரமாகக் கேட்கும்.

இந்தியாவின் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். ஆகவே இங்கு ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் முதலியவற்றிலும் தோன்றுகிறது. பேஸ் கிட்டாரில் ஈ தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ், அழுத்தப்படாத ஜி தந்தியின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ் ஆகும். அதாவது இந்திய மின்சாரத்தின் ரீங்காரம் ஜி சுரத்துக்கு ஏறத்தாழ 35 சென்ட் மேலே, ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு விலகி ஒலிக்கிறது. ஜி என்பது நம் வழக்கில் ஐந்து கட்டைச் சுருதி ஆகும். ஐந்து கட்டையில் பாடப்படும் பாடலில் இந்த ரீங்காரம் சுருதியோடு ஒட்டியும் ஒட்டாமலும் நின்று உறுத்தும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரீங்காரம் ஏ ஷார்ப், பி ஆகிய இரு சுரங்களுக்கும் ஏறத்தாழ நடுவே விழுகிறது.

ரீங்காரத்தை நீக்க இரு சுருள்கள் தேவை. ஒன்றின் காந்த முனையும் சுற்றும் திசையும் மற்றொன்றுக்கு எதிராக அமைக்கப்படும். அப்போது தந்தியின் குறிகைகள் கூடுகின்றன. வெளிப்புல ரீங்காரங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இம்முறை மூன்று வகைகளில் பயன்படுகிறது:

* பிரிசிஷன் வகைப் பிளந்த பிக்கப்பில் இரு பாதிகளும் எதிர்ச்சுருள்களாக உள்ளன. குமிழ்கள் எந்நிலையில் இருந்தாலும் ரீங்காரம் நீங்குகிறது.
* ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப்பிலும் இதே நிலையே காணப்படுகிறது.
* ஜாஸ் பேஸில் பொதுவாக இரு தனித்தனிப் பிக்கப்புகளே ஒன்றுக்கொன்று எதிர்ச்சுருள்களாகச் செயற்படுகின்றன. ஆகவே இரண்டும் ஒரே அளவில் திறந்திருக்கும்போது மட்டுமே ரீங்காரம் முழுமையாக நீங்குகிறது.

வழக்கமான ஜாஸ் பேஸின் முதன்மைச் சிக்கல் இதிலிருந்தே எழுகிறது. இரு பிக்கப்புகளையும் சமமாகத் திறந்தால் ரீங்காரம் நீங்கும். நடுப்பகுதி ஒலி குறையும். ஒன்றைக் குறைத்தால் நடுப்பகுதி திரும்பும், ரீங்காரமும் திரும்பும். அதே அளவில் பொருத்தத்தக்க ரீங்காரம் நீக்கும் மாற்றுப் பிக்கப்புகளைப் பொருத்துவது இதற்குரிய தீர்வுகளுள் ஒன்றாகும். கருவியின் உட்குழிவில் செப்புத் தகடு ஒட்டுவது மின்புல இரைச்சலைக் குறைக்கும். காந்தப்புல ரீங்காரத்தை அது பெரிதும் குறைப்பதில்லை.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார்

மேற்கத்திய மக்களிசையில் பேஸ் பெரும்பாலும் இசைக்கோவையின் அடிச்சுரத்தைத் தாங்கி நிற்கிறது. 1976இல் அன்னக்கிளி திரைப்படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாடலின் மெட்டுக்கு இணையாகச் செல்லும் தனி மெட்டாகவே பல இடங்களில் அமைக்கப்பட்டுள்ளது. 1980இல் வெளிவந்த மூடுபனி திரைப்படத்தின் "என் இனிய பொன் நிலாவே" பாடல் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அவரது ஒலிப்பதிவுகளில் சசிதரன் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்துள்ளார். ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுகளிலும் மேடைகளிலும் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் வாசித்துள்ளார். மும்பையைச் சேர்ந்த மோகினி டேயும் ரகுமானின் நிகழ்ச்சிகளில் வாசித்தவர்.

இத்தகைய பாடல்களை வாசிக்கும் குழுவில் பேஸின் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டும். அடியதிர்வு மட்டும் உணரப்பட்டு சுரம் புலப்படாவிடில் பாடலின் ஒரு மெட்டே காணாமற் போகிறது. எனவே நடுப்பகுதி ஒலியைப் பற்றிய மேற்கண்ட கணக்கு, தமிழ்ப் பாடல்களை வாசிப்போருக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது.

திருவிழா மேடைகளில்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரைப் பகுதியில் அமைந்துள்ள தொட்டியத்தின் மதுரகாளியம்மன் கோயில் பங்குனித் திருவிழா போன்ற ஊர்த் திருவிழாக்களின்போது இன்னிசைக் கச்சேரிகள் நடத்துவது தமிழக வழக்கமாகும். இம்மேடைகளின் சூழல் ஒலிப்பதிவுக் கூடத்தின் சூழலிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது.

முதலாவதாக, மேடையைச் சுற்றிக் குழல்விளக்குகள், அலங்கார விளக்குத் தொடர்கள், ஒளி குறைப்பான்கள், மின்னாக்கிகள் ஆகியன நெருக்கமாக உள்ளன. ஒற்றைச் சுருள் பிக்கப் இவற்றின் இரைச்சலை எளிதில் ஏற்கிறது. வாசிப்பவர் திரும்பி நிற்கும் திசைக்கேற்ப ரீங்காரம் கூடிக் குறைவதைக் காணலாம்.

இரண்டாவதாக, தெருக்களில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வலுவாகத் தருவதில்லை. ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ் மட்டுமே. மேடையிலிருந்து தொலைவில் கூம்பு ஒலிபெருக்கி வழியாகக் கேட்பவருக்கு அவ்வடிப்படை ஏறக்குறையச் சென்று சேர்வதில்லை. சீரிசைகளைக் கொண்டே செவி அச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. இரு பிக்கப்புகளும் சேரும்போது இழக்கப்படும் 350 முதல் 820 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, கூம்பு ஒலிபெருக்கியில் பேஸ் கேட்கத் தொடங்கும் பகுதியிலேயே அமைந்துள்ளது. ஆகவே வீட்டில் தனியே வாசிக்கும்போது நிறைவாகத் தோன்றும் ஒலி, திருவிழாத் தெருவில் மறைந்துபோக வாய்ப்புண்டு.

மூன்றாவதாக, எர்த் எனப்படும் புவி இணைப்பு தற்காலிக மேடைகளில் முறையாக இல்லாதிருக்கலாம். இதனால் எழும் இரைச்சலை எவ்வகைப் பிக்கப்பாலும் நீக்க இயலாது. இது ஒலிச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. பேஸ் கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் புவி இணைப்புடன் தொடுக்கப்பட்டவை. தந்தியைத் தொட்டவாறே பழுதான ஒலிவாங்கியைத் தொடும் கலைஞரின் உடல் வழியே மின்சாரம் பாயக்கூடும். ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், புவி இணைப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். ரீங்காரத்தைக் குறைப்பதற்காக மூன்று முனைச் செருகியின் புவி முனையைத் துண்டிக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது.

ஒப்பீடு

* குமிழ்கள்: பிரிசிஷன் வகையில் ஒரு வால்யூம், ஒரு டோன். ஜாஸ் வகையில் இரு வால்யூம், ஒரு டோன்.
* ஒலி வகைகள்: ஒற்றைப் பிக்கப்பில் குறைவு, இரட்டைப் பிக்கப்பில் கூடுதல்.
* நடுப்பகுதி ஒலி: ஒற்றைப் பிக்கப்பில் எப்போதும் நிலையானது, இரட்டைப் பிக்கப்பில் குமிழ்களின் நிலைக்கேற்ப மாறுவது.
* ரீங்காரம்: பிளந்த பிக்கப்பிலும் ஹம்பக்கரிலும் இல்லை; ஒற்றைச் சுருள் கொண்ட இரட்டைப் பிக்கப்பில் சமநிலையில் மட்டும் இல்லை.
* கழுத்தின் அகலம்: ஜாஸ் பேஸின் கழுத்து நட் பகுதியில் 1.5 அங்குலம் (38 மி.மீ.). பிரிசிஷன் பேஸின் கழுத்து மாதிரிக்கேற்ப இதைவிட அகலமானது. பொதுவாக 41 மி.மீ. முதல் 44 மி.மீ. வரை. சிறிய கையுடையோருக்கு இவ்வேறுபாடு பிக்கப் வேறுபாட்டைவிட முதன்மையாக அமையலாம்.

கலப்பு வகை

கழுத்துப் பக்கம் பிரிசிஷன் வகைப் பிளந்த பிக்கப்பும், குதிரைப் பக்கம் ஜாஸ் வகைப் பிக்கப்பும் கொண்ட கருவிகள் பிஜே வகை எனப்படுகின்றன. யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸின் ஜிஎஸ்ஆர் 200 ஆகியன இவ்வமைப்பில் வெளிவந்த தொடக்கநிலைக் கருவிகளாகும். பிளந்த பிக்கப்பை மட்டும் திறந்தால் ரீங்காரம் இல்லாத ஒற்றைப் பிக்கப் கருவியாக இதனைப் பயன்படுத்தலாம். குதிரைப் பக்கப் பிக்கப் ஒற்றைச் சுருளாக இருப்பின், அதைத் திறக்கும் அளவுக்கேற்ப ரீங்காரம் தோன்றும்.

தெரிவு செய்தல்

மேடைக் குழுவில் பாடல்களுக்குத் துணையாக வாசிப்போருக்கு, குறிப்பாக ஒரே கருவி மட்டும் வாங்க இயல்வோருக்கு, பிளந்த பிக்கப் அல்லது ஹம்பக்கர் கொண்ட ஒற்றைப் பிக்கப் கருவி பெரும்பாலும் போதுமானது. பல பாணிகளை வாசிப்போர், ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிவோர், ஸ்லாப் முறையை விரும்புவோர் ஆகியோருக்கு இரட்டைப் பிக்கப் பயன்தரும். ஃபிரெட் இல்லாத பேஸில் கமகங்களை வாசிப்போருக்குக் குதிரைப் பக்கப் பிக்கப் தரும் தெளிவு உதவும். இரு சூழல்களிலும் வாசிப்போர் பிஜே வகையைக் கருதலாம்.

கருவியை வாங்குமுன் கடையிலேயே பின்வரும் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்:

# ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியாகவும், பின்னர் இரண்டையும் சேர்த்தும் திறந்து, அதே மெட்டை வாசித்துக் கேட்டல்.
# தந்திகளை உள்ளங்கையால் அடக்கி, வால்யூமை முழுமையாக வைத்து, குழல்விளக்கு அல்லது மின்மாற்றிக்கு அருகே நின்று மெதுவாகத் திரும்புதல். திசைக்கேற்ப மாறும் ரீங்காரம் பிக்கப்பின் சுருளால் ஏற்படுவது.
# தந்தியிலிருந்து கையை எடுத்தவுடன் இரைச்சல் மிகுந்து, தொட்டவுடன் குறைகிறதா எனப் பார்த்தல். அவ்வாறாயின் அது கருவியின் மின்காப்பு அல்லது புவி இணைப்பு சார்ந்தது.
# பெரிய பேஸ் ஆம்ப்ளிஃபயரில் மட்டுமன்றிச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றிலும் வாசித்துப் பார்த்தல். அதில் மெட்டு புரியும் நிலையே திருவிழா மேடைக்கும் உகந்தது.

தந்திகளின் பழமை, விரல் தந்தியைத் தொடும் இடம், ஆம்ப்ளிஃபயரின் அமைப்பு ஆகியனவும் ஒலியைப் பெரிதும் மாற்றுகின்றன. ஒரே பிக்கப் கொண்ட கருவியிலும் கையைக் குதிரை நோக்கி நகர்த்தி வாசித்தால் கூர்மையான ஒலியையும், கழுத்து நோக்கி நகர்த்தினால் மென்மையான ஒலியையும் பெறலாம். இரண்டாவது பிக்கப்புக்காகக் கூடுதல் பணம் செலவிடுமுன் இவற்றைப் பயின்று பார்ப்பது மாணவர்களுக்குப் பயனளிக்கும்.

இவற்றையும் பார்க்க

* கிட்டார்
* மின்காந்தத் தூண்டல்
* சீரிசை
* இளையராஜா
* தொட்டியம்